ஸ்பீக்கருக்குள் புகுந்த இரைச்சல்

சிவனணைந்தபெருமாள் வீட்டு ஸ்பீக்கருக்குள் ஓர் இரைச்சல் புகுந்துகொண்டது. சும்மா வந்துபோகிற இரைச்சல் இல்லை. அது கிளம்பியதும் தெருக் காக்கைகள் மூட்டை முடிச்சோடு ஆய்க்குடிக்குக் குடிபோயின. எதிர்வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த பிச்சம்மாள், தன் சட்டிதான் இப்படிக் கத்துகிறது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் பாதியையாவது நம்பித்தான் ஆகவேண்டும். மீதிப் பாதி இதைவிட மோசம்.

பெருமாள் செங்கோட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, தென்காசியில் வீடு கட்டிக் குடியேறியவர். வாழ்நாளெல்லாம் இரும்புத் தண்டவாளத்தையே நம்பியிருந்த மனிதருக்கு, கம்பியே இல்லாமல் காற்று வழியாகப் பாட்டு வந்து இறங்குகிறது என்பது தாங்கமுடியாத ஆச்சரியம். கடைக்காரப் பையன் ஜஸ்டின் செட்டை மாட்டிவிட்டு, கையில் கிடைத்த ஒரு போனில் பாட்டுப் போட்டுக் காட்டிய அன்று, பெருமாள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குனிந்தே போனார், பறந்துகொண்டிருக்கிற பாட்டின் மேல் தலை இடித்துவிடக் கூடாதே என்று.

இடுப்பு உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள், நடுவே ஓர் ஆம்ப்ளிஃபையர். எல்லாம் மனைவி அனுசியாவுக்காக வாங்கியது. சித்திரையில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. "இந்த சீசனுக்கு அருவிப் பக்கமே போகக்கூடாது. வழுக்குப் பாறையில கால வச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அனுசியா ஒரு சீசனையும் விட்டவள் இல்லை. முதல் சாரல் கொடிக்கம்பியை நனைப்பதற்குள் தலையில் எண்ணெயோடு குற்றாலம் பஸ்ஸுக்கு நிற்பாள். மெயினருவியில் பெண்கள் பக்கம் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அவள் வந்து நின்ற பிறகுதான் தண்ணீரே நேராக விழும் என்பார் பெருமாள்.

இந்த வருஷம் சாரல் வந்தது. ஐந்தருவியில் விழுகிறது, பழைய குற்றாலத்தில் விழுகிறது, மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது என்று ஊரே பேசியது. அனுசியா மட்டும் பேசவில்லை. 'ஆமா', 'இல்ல', 'தட்ட எடுங்க', இந்த மூன்றை வைத்துக்கொண்டே குடும்பம் நடந்தது. நல்ல சத்தமாக ஏதாவது வீட்டுக்குள் வந்தால் அவள் வாயும் திறக்கும் என்று நம்பித்தான் பெருமாள் செட்டை வாங்கினார். வந்து சேர்ந்ததோ இந்த இரைச்சல். "சாயங்காலம் வந்து செட்டக் கழட்டி எடுத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. கம்பெனிக்கு அனுப்பிருவோம்" என்று ஜஸ்டின் சொல்லிவிட்டான். அதற்குள் கண்டுபிடித்தால் உண்டு. இல்லையென்றால் வீட்டில் மறுபடியும் செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் மௌனமும்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜஸ்டின் ஸ்பீக்கர் வயரைத் தரையில் குறுக்கே இழுத்துவிட்டுப் போயிருந்தான். அனுசியா வாக்கரை ஊன்றிப் பூஜை அறைக்குப் போகிற வழி அது. அவள் கால் தடுக்குமே என்று அன்றைக்கே பெருமாள் எல்லாவற்றையும் கழற்றி, சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோய்த் தாமே மாட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்பும் கறுப்புமாக இரட்டை வயர். இடது பெட்டியில் சிவப்பைச் சிவப்பு முனையில் மாட்டினார். வலது பெட்டிக்கு வந்ததும் ரயில்வே மூளை விழித்துக்கொண்டது. அது அப் லைன் என்றால் இது டவுன் லைன் அல்லவா? எதிர்த்திசை ஆயிற்றே! சிவப்பைக் கறுப்பு முனையிலும் கறுப்பைச் சிவப்பு முனையிலும் மாட்டிவிட்டு, தம் புத்தியைத் தாமே மெச்சி ஒரு காப்பியும் குடித்தார். அன்றிலிருந்து செய்தி வாசிக்கிற பெண் டிவியில் இருந்தாள். அவள் குரல் கிணற்றடியில் இருந்தது.

துப்புத் துலக்க வந்தவன் அனுசியாவின் தம்பி பாண்டிராஜ். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான்.

"சத்தம் எப்பெப்ப வருது அத்தான்?"

"காலைல காப்பி குடிச்சு முடிச்சதும் ஒரு தடவ. மத்தியானம் சாப்ட்டு எந்திரிச்சதும் ஒரு தடவ. நடுநடுவுல கீச்சுக் கீச்சுனு வேற கேக்கு."

"அப்ப வீட்டு ஆளுதான்."

"என்ன மாப்ள சொல்லுத?"

"வெளியாளு நேரங்காலமா பாப்பான்? வீட்டு நெலவரம் தெரிஞ்சவன்தான் காப்பி குடிச்சு முடிக்கட்டும்னு காத்துக் கெடப்பான். கீச்சுனு கேக்குங்கிய. எலியா இருக்கும்."

எலியை விசாரிப்பதற்காகப் பாண்டிராஜ் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே குனிந்து காதைக் கொடுத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து இரைச்சல் கிளம்பியது. 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஆயிரம் அப்பளம் ஒன்றாகப் பொரிந்தது. பாண்டிராஜ் சோபாவில் போய் மல்லாந்து விழுந்தான். சம்பல் கொள்ளைக்காரர்களே வந்திருந்தாலும் அவன் அப்படி விழுந்திருக்க மாட்டான்.

"சுட்டுட்டான் அத்தான்!"

"எலியா?"

பெருமாள் பதறாமல் டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வருகிற வயரைப் பிடுங்கினார். இரைச்சல் நிற்கவில்லை. சத்தம் உள்ளே வர இருந்த ஒரே கம்பியைப் பிடுங்கியாயிற்று. பிறகு எந்த வழியாக வருகிறது?

"மாப்ள, இது காத்து வழியா வருது."

காற்று வழி என்றால் ப்ளூடூத். பெருமாள் தம் போனை எடுத்து இணைக்கப் பார்த்தார். 'இணைக்க முடியவில்லை' என்றது. இது புதிதில்லை; வந்த நாளிலிருந்து அவர் போனை அந்தப் பெட்டி சேர்த்துக்கொண்டதே கிடையாது. ஆனால் இன்றைக்குத்தான் அவர் அதை ஸ்டேஷன் மாஸ்டராக யோசித்தார்.

"ஒரு செக்ஷன்ல ஒரு வண்டிதான் நிக்கும் மாப்ள. உள்ள ஒரு வண்டி கெடக்கையில எனக்கு எவன் லைன் கிளியர் தருவான்? எம் போன வேண்டாங்குதுன்னா, உள்ள ஏற்கெனவே வேற வண்டி நிக்குதுன்னு அர்த்தம்."

"யாரு வண்டி?"

பாண்டிராஜ் தன் போனை அணைத்தான். பெருமாள் தம்முடையதை அணைத்தார். இரைச்சல் அசரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

அனுசியா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து கையில் போனை வைத்திருந்தாள். கதவு திறந்ததும் திரையை அணைத்துத் தலையணைக்கடியில் செருகினாள். கூடத்தில் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது.

"ஏட்டி, அந்தப் போனக் கொஞ்சம் குடு."

"எதுக்கு? அது ஊமையாப் போச்சு. பெட்டி வந்த அன்னையிலேர்ந்து சத்தமே இல்ல."

பெருமாள் வாங்கித் திரையைத் தட்டினார். மெயினருவி. அன்று காலையில் யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோ. வெள்ளை வெளேரென்று தண்ணீர் விழ, கீழே தலைமேல் கை கூப்பிய பெண்கள். ஓடவிட்டார், கூடத்தில் இரைச்சல். நிறுத்தினார், அமைதி. மறுபடி ஓடவிட்டார், இரைச்சல். முதல் நாள் ஜஸ்டினின் கையில் கிடைத்தது இவள் போன்தான். அன்றைக்குப் பிடித்த கையை அந்தப் பெட்டி இன்றுவரை விடவில்லை.

பாண்டிராஜ், "ஆளு ஆம்புட்டாச்சு" என்று கதவை மறித்து நின்றான்.

காப்பி முடிந்ததும் ஒரு தடவை, சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவை என்று பெருமாள் குற்றம் சாட்டிய நேரமெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஊமை அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவளிடம் அருவி இருந்தது, சத்தம் இல்லை. அவரிடம் சத்தம் இருந்தது, அருவி என்று தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு கதவு.

"பாக்கக்கூடக் கூடாதுன்னா டாக்டர் சொன்னாரு?" என்றாள் அனுசியா.

"ஏட்டி, உன் அருவி ஹால்லல்லா விழுந்துகிட்டு கெடக்கு! எந்திரி!"

இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே நடுவில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். கோயில் பிரசாதம் கொண்டுவந்து நீட்டுகிறவர் போல வீடியோவைப் போட்டார். 'ஸ்ஸ்ஸ்ஸ்.'

அனுசியா கொஞ்ச நேரம் கேட்டாள். முகத்தில் ஏறிய வெளிச்சம் இறங்கியது.

"இதா? இது அப்பளம் பொரியுத சத்தம். என் அருவி எனக்குத் தெரியாதா? தண்ணின்னா கனம் வேணும். தோள்ல ஏறி ஆள அமுக்கணும். இது தண்ணியே இல்ல." வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளறையைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் பெட்டி போவது இருக்கட்டும். இந்த வாக்கர் உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டால் அடுத்த சீசன்வரை திறக்காது. பெருமாள் இடது பெட்டியிடம் ஓடிப்போய்க் காதை வைத்தார். 'திம்' என்று அடிவயிற்றில் இடிக்கிற கனம். வலது பெட்டிக்கு ஓடினார். அங்கேயும் அதே கனம். நடுவில் வந்து நின்றார். அப்பளம்.

"தனித்தனியா ரெண்டு பேரும் ஒழுங்கா வேல பாக்கானுவ மாப்ள. சேர்ந்தா ஒண்ணுமில்ல."

"ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு இன்ஸ்பெக்டர் இருந்தா அப்படித்தான் அத்தான். ஒருத்தர் இழுக்கத மத்தவர் திருப்பி இழுப்பாரு."

பெருமாள் அப்படியே நின்றார். கண்ணுக்குள் பகவதிபுரம் ஏற்றம் வந்தது. செங்கோட்டையிலிருந்து மலையேறுகிற வண்டிக்கு முன்னால் ஓர் இஞ்சின் போதாது. பின்னாலும் ஒன்றைப் பூட்டுவார்கள். பேங்கர் என்று பெயர். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். நிற்பது ஆளுக்கொரு முனையில்தான், ஆனால் இரண்டும் போவது ஒரே திசையில். பின்னது தன் பக்கமே இழுத்தால்? இரண்டும் முக்கும், முனகும், புகையும். வண்டி ஓர் அங்குலம் நகராது.

"பாவி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். புளியரை வரை கேட்டிருக்கும். "ரெண்டு இஞ்சினையும் எதிரெதிராப் பூட்டிட்டேன் மாப்ள! அப்பும் இல்ல, டவுனும் இல்ல. ரெண்டும் ஒரே வண்டிதான்!"

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, வலது பெட்டிக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுத்தார். பாண்டிராஜ் டார்ச் அடித்தான். சிவப்பைப் பிடுங்கிச் சிவப்பில், கறுப்பைப் பிடுங்கிக் கறுப்பில் திருகினார். எழுந்து, கும்பிட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, போனைத் தட்டினார்.

முதலில் தரைதான் தெரிந்துகொண்டது. உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிறகு அது வந்தது. இடது பெட்டியிலிருந்து இல்லை, வலது பெட்டியிலிருந்து இல்லை. பெட்டியே இல்லாத நடுக்கூடத்தில், மின்விசிறிக்கும் மேலே எங்கிருந்தோ குதித்து, 'ஹோ' என்று அனுசியாவின் நாற்காலிமேல் விழுந்தது. இத்தனை நாள் எலியாகக் கீச்சிட்டதெல்லாம் பெண்களின் கூச்சலாக மாறியது. "எக்கா, கையப் பிடிக்கா!" என்று யாரோ சிரித்துக்கொண்டே அலறினாள். அந்தரத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் ஓர் அருவி நின்றது. பெருமாள் கையை நீட்டித் தொடப் போய், பயந்து இழுத்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்ததாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். பாண்டிராஜ் தன்னையறியாமல் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். அந்நேரம் குற்றாலத்தில் மெயினருவி கொஞ்சம் மெலிந்து விழுந்ததாகவும், தண்ணீர் எங்கே போயிற்று என்று குளித்தவர்கள் அண்ணாந்து பார்த்ததாகவும் கேள்வி.

உள்ளறை வாசற்படியில் வாக்கர் நின்றது. அனுசியா திரும்பினாள். மெல்ல, பாறையில் அடி வைப்பதுபோல் ஒவ்வோர் அடியாக ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கண்ணை மூடி, கழுத்தைக் குனிந்து, இரண்டு கையையும் தலைமேல் கூப்பினாள். அவள் தோள் இரண்டும் கனம் தாங்காமல் கொஞ்சம் இறங்கியதைப் பெருமாள் தம் கண்ணால் பார்த்தார். இதில் மட்டும் மிகை இல்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இங்கன என்ன நிக்கிய?"

"சும்மா... கேக்கத்தான்."

"இது பொம்பளைங்க பக்கம். கேக்கது என்ன கேக்கது? ரெண்டு பேரும் வெளிய போங்க. ஏலே பாண்டி, நீயுந்தான். போலீசுன்னா விட்டுருவமா? ஆளப் பாரு!"

ஒரு மாத மௌனம் ஒரே மூச்சில் உடைந்தது. அதைப்போல் இன்பமான திட்டைப் பெருமாள் வாங்கியதே இல்லை. இருவரும் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, சாரலில் நனைந்தபடி நின்றார்கள். உள்ளே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. வீடியோ முடிந்தால் அவளே மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஜஸ்டின் ஆட்டோவோடு வந்து இறங்கினான். "செட்டக் கழட்டிரலாமா அண்ணாச்சி?"

பெருமாள் சிவப்புக் கொடி பிடிப்பதுபோல் கையைக் குறுக்கே நீட்டினார். "உள்ள போகாத. பொம்பளைங்க குளிச்சிகிட்டு இருக்காங்க."

ஜஸ்டின் காதைத் தீட்டினான். கதவைப் பார்த்தான். வாசற்படிக்கடியில் தண்ணீர் ஒழுகி வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தான்.

உள்ளேயிருந்து அனுசியாவின் குரல் அருவியைத் தாண்டி வந்தது. "என்னங்க, கொடியில கெடக்க துண்ட எடுத்துக் குடுங்க!"

பெருமாள் துண்டை உருவிக்கொண்டு ஓடிப்போய், கதவை ஒரு சாண் திறந்து, கண்ணை இறுக மூடியபடி கையை மட்டும் உள்ளே நீட்டினார்.