கருப்பை வாய்க்கு மூன்று அளவு

"வலி இல்லையே, அப்புறம் என்ன?" என்று என் கணவர் காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டுவிட்டார். ஸ்கேன் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் கேட்டார். எரிச்சலாக வந்தது. வலி இல்லாததுதான் என் பயமே என்று இந்த மனிதருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

போன தடவையும் வலி இல்லை. ஆறாம் மாதம், ஆய்வுக்கூடத்தில் என் மேசையில் வேலையாக இருந்தேன். எழுந்தபோது கால் நனைந்திருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பெண் குழந்தை. இப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

எலியின் கருப்பை வாயைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் பிழைப்பு. கரு தரித்த புதிதில் அந்தச் சதை தோல் வார் மாதிரி இறுகியிருக்கும். பிரசவத்துக்கு வெகு முன்னாலேயே, ஒரு சுளீர் வலிகூட இல்லாதபோதே, உள்ளே வேலை ஆரம்பித்துவிடும். நரம்பிழைகள் பெருகும். ரத்தக்குழாய்கள் கிளை விடும். அவற்றின் வழியாக வெள்ளணுக்கள் வந்திறங்கி, இறுகின நார்களைத் தளர்த்தும். அந்த நரம்பை வெட்டிவிட்டால் எலிக்குப் பிரசவமே ஒழுங்காக நடக்காது, அவ்வளவு பெரிய மனிதர்கள் அந்த நரம்புகள். வலி வருவதெல்லாம் கடைசியில்தான். தினமும் இதையே பார்க்கிறவளை நிம்மதியாகத் தூங்கு என்றால் எப்படித் தூங்குவாள்?

டாக்டரம்மா கண்டிப்பானவர். சிரிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

"கருப்பை வாயோட நீளத்தை மூணு தடவை அளப்பேன். அசையாம படுங்க."

முதலில் முப்பத்தொன்று என்றார். அடுத்து இருபத்தொன்பது. கடைசியில் என் வயிற்றை மேலே லேசாக அழுத்திக்கொண்டு அளந்தார். இருபத்துமூன்று மில்லிமீட்டர்.

இருபத்தைந்துக்குக் கீழே ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டில் பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுப்போம், ஒற்றை எண்ணை யாரும் மதிப்பதில்லை. மனக்கணக்குப் போட்டேன். இருபத்தேழுக்கு மேல் வந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டரம்மா கை கழுவப் போனார். நான் உடையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"நல்லா இருக்குங்க. பயமில்ல."

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தனை தடவை கேட்டதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தைரியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவம், அவரைப் போய் மனசுக்குள் கரித்துக்கொட்டினேன்.

"யார் சொன்னது நல்லா இருக்குன்னு?" டாக்டரம்மா துண்டில் கை துடைத்தபடி பின்னால் நின்றார். "கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க."

"சராசரி இருபத்தேழு வருதே, டாக்டர்," என்றேன் கதவைச் சாத்திவிட்டு.

"இதுக்குச் சராசரி பாக்க மாட்டாங்கம்மா. மூணுல எது கம்மியோ அதான் அளவு. ஒரு தடவை சுருங்கிக் காட்டிடுச்சுன்னா, அதுக்குச் சுருங்கத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு முன்னாடி ஒண்ணு போயிருக்கு வேற. கருப்பை வாய்க்கு இன்னைக்கே தையல் போட்டுடலாம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தையல் போட்டா எல்லாம் நின்னுடுமா? உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் வளர்றது?"

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அது பாட்டுக்கு நடக்கும். தையல் வாயைப் பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே கணவரின் குரல் கேட்டது. போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பயமில்லையாம்மா. இப்பதான் சொன்னா." அந்தக் குரலில் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. எழுந்து போய்க் கதவுப் பிடியில் கை வைத்தேன். திருப்ப மனசு வரவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன்.

அப்போது குழந்தை அசைந்தது.

"வராத," என்றேன், வயிற்றில் கை வைத்து. "இப்ப வராத கண்ணு."

பெற்றவள் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா இது? இன்னொரு தடவையும் அதையே சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.