ஆரஞ்சில் மிளகு வாசம்

1

இந்தக் கதை ஒரு மூடியிலிருந்து வந்தது. ஏற்காட்டில் கூலிக்குக் காய்ச்சித் தரும் ஒரு தகரக் கொட்டகை, அங்கே ஆவியில் சூடேறும் எவர்சில்வர் அண்டா, அதன் மூடி. ஒரு நாள் ஓட்டலுக்கு மிளகு சாஸ், மறுவாரம் கான்வென்டுக்குக் கொய்யா ஜெல்லி. விளைச்சல் ஒருவருடையது, லேபிள் இன்னொருவருடையது, அண்டா மட்டும் ஒன்றே. முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. (எனக்கு எப்போதுமே வராது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

2

1986. மலைமேல் பனி வெண்பட்டாய்ப்—

(வேண்டாம். அன்று மழை.)

மாரமங்கலத்து அங்கப்பனின் ஆரஞ்செல்லாம் காற்றில் உதிர்ந்துவிட்டது. அடிபட்ட பழம், நாளைக்குத் தாங்காது. மூட்டைகளோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏனுங்கம்மிணி, இன்னிக்கே காய்ச்சிப்போடுங்க. இல்லீன்னா மாட்டுக்குத்தான். மாடும் மொறைக்குது."

கொட்டகையை நடத்தும் அமலி வேதியியல் படித்தவள். (அவள் நானல்ல. நான் தாவரவியல்.) காரம் காய்ச்சினால் மறுநாள் அண்டாவுக்கு ஓய்வு, மூடியின் ரப்பர் வளையம் வாசம் போக வெயிலில் காயும். அதுதான் அங்கே வழக்கம். நேற்றுக் காய்ச்சியது மிளகு சாஸ். இன்று வெயிலும் இல்லை, பொழுதும் இல்லை. அண்டாவைச் சோடா போட்டுக் கழுவி முகர்ந்தாள். வாசமே இல்லை. ரப்பரை முகரவில்லை.

3

காய்ச்சி இறக்கியதில் பாட்டில் நிரப்பும் காளியாயி ஒரு வாய் குடித்தாள்.

"அம்மிணி, இது ஸ்குவாஷா, ரசமா?"

அமலி மூடியை முகர்ந்தாள். ரப்பரில் நேற்றைய மிளகு. பழம் மொத்தமும் அண்டாவுக்குள் போய்விட்டது.

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.)

டம்ளரை அங்கப்பனிடம் நீட்டினாள். "தப்பு என்னுதுங்க. ரப்பரக் காயவைக்கலீங்க."

அவர் குடித்தார். மறுபடி குடித்தார்.

"நொம்ப அதிசயமுங்க! எங்க காட்டுல மொளகுக்கொடி ஆரஞ்சு மரத்து மேலதான் ஏறிக் கெடக்குது. மழ விட்டதும் உள்ள போனா இதே வாசந்தான். காட்டயே பாட்டில்ல அடச்சுப்புட்டீங்களே!"

அமலியும் குடித்தாள். ரப்பர் ஏன் மணத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருநாளும் பார்த்திராத தோட்டம் அவள் நாக்கில் எப்படி வந்து நின்றது என்பது தெரியவில்லை.

4

ஆனால் லேபிள் சேலத்துக் கடைக்காரர் தங்கராஜுடையது. அவர் கேட்டது வெறும் ஆரஞ்சு. மதியம் வருகிறார்.

முடிவு ஒன்று: துப்பிவிடுகிறார். எல்லாம் சாக்கடைக்கு.

முடிவு இரண்டு: வருடாவருடம் இதையே கேட்கிறார். (அப்படியானால் வருடாவருடம் ரப்பரைக் காயவைக்காமல் விட வேண்டும்.)

முடிவு மூன்று: தங்கராஜ் டம்ளரை வாங்கி—

இதற்குமேல் நான் எழுதினால் ஒருதலைப்பட்சம். நான் அதைக் குடித்திருக்கிறேன். நீங்கள் குடித்ததில்லை. தங்கராஜுக்குப் பதில் நீங்களே டம்ளரை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் வாசலில் அங்கப்பன் காலிச் சாக்குகளை மடிக்காமல் பிடித்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.