மருதன் ஊருணி தெளிந்த கதை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ராமநாதன். கோட்டையூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த தன் அப்பச்சி வீட்டை, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக்கியவர். வீட்டுக்கு எதிரே இருக்கும் மருதன் ஊருணியைச் சுத்தம் செய்தார். அதற்கொரு விழா, விழா முடிந்த பிறகொரு மலர், மலருக்கொரு கதை.

"நாலு பக்கம் போதும். முடிவு மட்டும் சந்தோசமா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார். எதிரே இலை போட்டு பதினெட்டு வகை பரிமாறியிருந்தது. வாய் நிறையப் பணியாரத்தை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியுமா? தலையாட்டினேன்.

மலருக்கு வேறொன்று கொடுத்துவிட்டேன். இது மலருக்குள் போகாதது.

2

முதல் தொடக்கம்: "நீரின் அருமை உணர்ந்த நம் முன்னோர்கள்..." [அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் இல்லாமல் எங்கள் மாவட்டத்தில் ஒரு விழா மலரும் அச்சேறியதில்லை.]

இரண்டாவது: "ஜெரினாவின் கண்களில் நெருப்பு..." [இதையும் அடித்தாயிற்று. ஜெரினா காரைக்குடியில் தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கண்ணில் இருப்பது கண்ணாடி.]

மூன்றாவது: ஊருணித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை.

3

அந்த நிறம் அழுக்கில்லை. கரையில் நிற்கும் மரங்களின் இலையும் சருகும் வருசக்கணக்காக விழுந்து, ஊறி, மக்கி இறங்கிய சாறு.* கிழக்குக் கரையில் முன்பு ஒரு கொட்டகை இருந்தது. இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண்களை வாங்கி வந்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று விற்பார்கள். அந்தப் பழைய பெயிண்டில் ஈயம். கழுவிய தண்ணீரெல்லாம் ஊருணிக்குள். இருபது வருசம்.

(* மக்கிப்போனது சும்மா கிடக்காது. ஈயம், செம்பு என்று எது வந்தாலும் இழுத்துப் பிடித்து, தன்னோடு கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதற்குச் சம்பளம் கிடையாது, பொன்னாடை கிடையாது, மலரில் போட்டோவும் கிடையாது.)

அந்தத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. பார்த்தாலே குமட்டும். மாடு குளிப்பாட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த அசிங்கம்தான் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எழுத ஆசை. எழுதினால் மலர்க் குழுவினர் வருத்தப்படு... [இதோடு நிறுத்திக்கொண்டேன்.]

4

சுத்தம் செய்யும் முன் ராமநாதன் லேப்புக்கு மாதிரி அனுப்பினார். ஜெரினா முறைப்படி வடிகட்டினாள். வடிதாளில் பழுப்பாகக் கசடு தங்கியது. கீழே இறங்கிய தண்ணீரில் ஈயத்தை அளந்தாள். அளவுக்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஈயத்தைப் பிடித்துக்கொண்டு தாளில் தங்கியதை முறைப்படி குப்பையில் போட வேண்டும், போட்டாள்.

ரிப்போர்ட்டை வாங்க ராமநாதனே நேரில் வந்தார்.

"படிகாரம் கொட்டித் தெளிய வைக்கப் போறோம் மேடம். அடி வரைக்கும் தெரியணும். வீடு அதுல கண்ணாடியில தெரியிற மாதிரி விழுகணும்."

"நிறையக் கொட்டுனா தண்ணி புளிச்சுப் போகும் சார். சேத்துல ஒட்டியிருக்கதெல்லாம் கழண்டு வந்துரும். அந்தக் கலங்கல் இருக்கது நல்லதுதான்."

"நல்லாச் சொல்றீக. டீத்தண்ணிக்கு முன்னால நின்னு எவன் போட்டோ எடுப்பான்?"

ஜெரினா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

[ராமநாதனைப் பத்து விரலிலும் மோதிரம் போட்ட வில்லனாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. விழாவில் கேமராக்களுக்கு முன்னால் அந்தத் தண்ணீரை முதலில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தவர் அவர்தான். நடிப்பில்லை. முழுசாக நம்பினார். வில்லனென்றால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு சுலபம்.]

5

தண்ணீர் தெளிந்தது. அடியில் கிடந்த உடைந்த சில்லுகூடத் தெரிந்தது. படித்துறையில் ஆறடிக்கு ஒரு போர்டு: ஜெரினாவின் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். தேதியை மட்டும் காணோம். தேதி இருந்தால் டிசைன் கெடுகிறதாம். "ஈயம்: அனுமதித்த அளவுக்குள்." கீழே, ஒரு முழ நீளத்துக்கு அவள் கையெழுத்து.

போர்வெல் தண்ணியின் உப்பில் வெறுத்துப்போயிருந்த பின்தெரு, குடத்தோடு வந்துவிட்டது. அந்தத் தெருவில்தான் ஜெரினாவின் நாத்தனார் ரீனா இருக்கிறாள். அப்போது நாலு மாசக் கர்ப்பம்.

6

மூன்று மாசம் கழித்து டவுன் பஸ் ஜன்னலில் இருந்துதான் ஜெரினா படித்துறையில் நின்ற குட வரிசையைப் பார்த்தாள். இறங்கி, கைப்பையில் இருந்த பாட்டிலில் மொண்டாள். மறுநாள் அளந்தாள். ஈயம், அனுமதித்த அளவுக்குப் பதினோரு மடங்கு. மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும் என்று ஆசையாக நம்பி மறுபடி அளந்தாள். பதினொன்று. மூன்றாவது தடவையும் அதேதான்.

லேப் முதலாளி சத்தியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தச் சாம்பிள் யாரு குடுத்தாக?"

"நாந்தான் சார் எடுத்தேன்."

"யாரும் கேக்கலையில்ல? கேக்காத சாம்பிளுக்கு ரிப்போர்ட் எதுக்கு மேடம்? மொத ரிப்போர்ட் தப்பா?"

"அன்னைக்குச் சரிதான்."

"அப்புறம் என்ன. சரியாச் செஞ்சுருக்கீக. போயி டீயக் குடிங்க."

இதில் நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே விடாமல் பேசுகிற மனிதர்.

7

முடிவு அ: ஜெரினா கடப்பாரையோடு போய் போர்டைப் பெயர்க்கிறாள். தெருவே திரள்கிறது. [சினிமாவில் நடக்கும். நிஜத்தில் திரண்ட தெரு முதலில் கேட்பது, "கையெழுத்து யாருது?" என்றுதான்.]

முடிவு ஆ: அவள் வாயைத் திறக்கவில்லை. ஹோட்டலுக்கு விருது கிடைக்கிறது. [மலருக்கு ஏற்றது. விருதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது.]

முடிவு இ: பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது, யாருக்கும் எதுவும் [இதை எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை.]

(தாயின் ரத்தத்தில் ஏறிய ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று அதற்கொரு கணக்கு கிடையாது. கெடுதல் இன்றைக்கே தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடம் போய், எழுத்துக் கூட்ட முடியாமல் திணறும்போது தெரியலாம். தெரியாமலும் போகலாம்.)

8

ஆகவே நடந்தது வரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

லேப்பில் இருந்து நேராக ஜெரினா ரீனா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்தாள். "அந்தத் தண்ணியக் குடிக்காத." இது சுலபம். "மூணு மாசமாக் குடிச்சதுக்கு..." இதற்குப் பிறகு வாக்கியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை; எட்டுத் தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ரீனா இடுப்பில் கையை ஊன்றி எழுந்து வந்தாள்.

"வாங்க மதினி. அண்ணே வரலையா? என்ன இப்புடி வேர்த்திருக்கு? இருங்க, தண்ணி கொண்டாரேன்."

"ரீனா, இங்குட்டு வந்து உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியல மதினி. உங்க மருமகன் வுடுற ஒதை அப்புடி." உள்ளே குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொள்ளும் சத்தம் கேட்டது. "ஒண்ணு தெரியுமா? மொதல்ல நம்ம தெருவுல ஒருத்தரும் இந்தத் தண்ணிய எடுக்கலை. பயந்தாக. நாந்தான் வீடு வீடாப் போயிச் சொன்னேன், போர்டுல இருக்க கையெழுத்து எங்க மதினி கையெழுத்து, தைரியமாக் குடிங்கன்னு. இப்ப எங்குட்டுப் போனாலும் உங்க பேச்சுத்தான்."

சொம்போடும் இரண்டு டம்ளரோடும் வந்து நிற்கிறாள். முகம் பூரித்துக் கிடக்கிறது.

ஜெரினா வாயைத் திறந்துவிட்டாள். இனி உங்கள் பாடு. எந்த வார்த்தையை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் ரீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள். அதற்குப் பயந்துதான் நான் இங்கே நிறுத்துகிறேன்.

சீக்கிரம். தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.