பொருத்தமான பயன்பாடு

1

இந்தக் கதை ஓர் உதாரண வாக்கியத்திலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது எங்கள் வேலை. தினமும் காலையில் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பொருளோடு போடுவார். எட்டரைக்குள் ஆளுக்கொரு வாக்கியம் அமைத்து அனுப்ப வேண்டும். அன்று வந்தது 'அண்டர் த வெதர்'. லேசாக உடம்பு சரியில்லை என்று பொருள்.

2

முதல் தொடக்கம்: அன்றும் என் மனைவி வழக்கம்போல்—

(வழக்கம்போல் இல்லை. மூன்று நாள் காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.)

இரண்டாவது:

"மூச்சு விட முடியலடா."

"இரு, இதை அனுப்பிடறேன்."

எட்டிப் பார்த்தாள். 'என் மனைவி இன்று அண்டர் த வெதர். ஆனாலும் நான் வேலைக்கு வருகிறேன்.'

"அப்படின்னா?"

"லேசா முடியலைன்னு அர்த்தம்."

"லேசாவா?" சிரித்தாள். சிரிப்பு இருமலானது. "உன் இங்கிலீஷுக்கு நான்தான் கிடைச்சேனா? ஆஸ்பத்திரி போலாம்டா."

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

3

'மிகப் பொருத்தமான பயன்பாடு' என்று மேலாளர் எழுதியிருந்தார். கீழே பதினொரு கட்டைவிரல் குறிகள். பேருந்தில் எண்ணினேன்.

(இதை மூன்று முறை அழித்தேன். சந்தோஷமாக எண்ணினேன் என்பதே சரி.)

மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் ஆட்டோவில் ஏற்றிப் போகும் வழியிலேயே அவள் போய்விட்டாள்.

(இங்கே நான் அழுததாக நான்கு வரி இருந்தது. அழவில்லை. எடுத்துவிட்டேன்.)

4

ஒரு மாதம் கழித்து அவளுடைய அண்ணன் வந்தார்.

"மாப்ள, அவளுக்கு முடியலைன்னு யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஆபீஸ் குரூப்ல எழுதிப் போட்டேன் மச்சான்."

"சொல்லியுமா லீவு குடுக்கல?"

லீவு நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்ல நேரம் இருந்தது; சொல்லவில்லை.

"மனுஷங்களா அவங்க? நீ என்ன எழுதினேன்னு காட்டு. நாளைக்கே போய் நாலு கேள்வி கேக்கறேன்." போனுக்குக் கையை நீட்டினார்.

முதல் முடிவு: பழைய செய்திகள் அழிந்துவிட்டன என்கிறேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்.

இரண்டாவது: கொடுக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் வராது. நான்தான் படித்துப் பொருள் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று தேடி—

எதிரில் அவர் காத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தால், எந்த முடிவை எழுதட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.