நாளை தண்ணீர் வராது

எங்கள் ஊர் இணையதளத்தில் அதிகம் பேர் வந்து போகும் இடம் எது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டுரை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. இரண்டு வரி அறிவிப்பு: "நாளை தண்ணீர் வராது. மேல்தெரு மக்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும்." மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டது. தண்ணீர் அடுத்த நாளே வந்துவிட்டது, பின்னூட்டங்கள்தான் நிற்கவே இல்லை. முதலில் குழாய்க்காரர்களை வைதார்கள். பிறகு ஒருவரையொருவர் வைதார்கள். வைத களைப்பில் நலம் விசாரிக்கத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். விதை உருளைக்கிழங்கு, மகள் கல்யாணம், பல்வலி, தால்திகொர்கான் பேருந்து கிளம்பிவிட்டதா என்பது வரை எல்லாமே அந்த இரண்டு வரிக்குக் கீழேதான். அன்று காலை மருந்துக்கடையைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பின்னூட்டங்கள். அதே தளத்தில் என் பொறுப்பில் இருந்த உரையாடல் மன்றத்தில் அந்த வாரம் முழுக்க ஏழே பதிவுகள். அதிலும் நான்கு, கிணற்று மோட்டார் பற்றி ஓராஸ்பெக் அண்ணன் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டவை.

எனக்கு வயிறு எரிந்தது. தளத்தின் சொந்தக்காரன் கைசார், பக்கத்துக் கடையில் செல்பேசி பழுதுபார்ப்பவன். கட்டுரைகளை அவன் பார்த்துக்கொள்வான், மன்றத்தை நான். அன்றைக்கென்று பார்த்து அவன் வந்து என் கண்ணாடி அலமாரியில் முழங்கையை ஊன்றினான்.

"அக்கா, ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு? மாசக் கடைசியில மன்றத்த மூடிடலாம்."

"அது என் அடுப்புடா."

"அதுல பூனைதானே தூங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் செமே நகரத்திலிருந்து கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்தேன். யாரையும் தெரியாது. பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது. மன்றத்தில் போய், "பழைய தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், நல்ல பசும்பால் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். பதினோரு பதில்கள் வந்தன. விடிந்து கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது, உள்ளே ஒரு ஜாடிப் பால். கூடவே ஒரு சீட்டு: "காய்ச்சிக் குடிக்கவும். ஓராஸ்பெக்." அந்த மன்றத்தை மூடுவதென்றால் எனக்கு என் வீட்டையே இடிப்பது மாதிரி.

"மாசக் கடைசிவரைக்கும் என் போக்குல விடு," என்றேன்.

அன்று மத்தியானமே அறிவிப்புக்குக் கீழே பின்னூட்டத்தை அடைத்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பதையும் மன்றத்துக்குள் ஒரே தலைப்பின் கீழ் ஓடும் திரியாக மாற்றினேன். ஒரு பொத்தான்தான். ஊரையே மூட்டை கட்டித் தூக்கிவந்து என் முற்றத்தில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. பெருமைப்பட்டேன், அதை ஏன் ஒளிப்பானேன்?

ஓராஸ்பெக் அண்ணன் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூமிக்கு அடியில் முப்பது வருடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேசாத மனிதர், மன்றத்தின் விதிகளை எழுதியவரும் அவர்தான். புதிய திரியின் தலைப்பைப் பார்த்தார்: "நாளை தண்ணீர் வராது." அதற்குக் கீழே பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜௌரே எழுதியிருந்தாள்: "பொண்ணுங்களா, யார்கிட்டயாவது தையல் மெஷின் இருக்கா?"

அண்ணன் பதில் போட்டார்: "இத்திரியின் பொருள் தண்ணீர். விதி நான்கு: தலைப்பை விட்டு விலகாதீர்."

"தண்ணி குடிச்சுக்கிட்டேதான் தைப்பேன், போதுமா?" என்றாள் ஜௌரே.

"விதி நான்கு."

யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். விதி நான்கு. யாருடைய இருமலோ தேவலையா என்று கேட்டார்கள். விதி நான்கு. இரண்டாம் நாள் சாயங்காலம் திரியில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது கைசார் ஓடிவந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உங்க ஆளுங்க மொத்தமும் நாய் ஊசிக்குக் கீழ உட்கார்ந்திருக்காங்க!"

உண்மைதான். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் நாள் பற்றிய அறிவிப்பு அது, அதற்குக் கீழே முந்நூறு பின்னூட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஜௌரே எழுதியது நின்றது: "எங்கள யாரும் கேக்காம மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. சரி, போனோம். புது இடம். யெருலிக்குனு ஒரு பௌர்சாக் உண்டா? ஒரு வாய் தேநீர் உண்டா? விதி நாலுதான் போட்டாங்க."

இருமல் மருந்து வாங்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். காது சுட்டது. புதிதாகக் குடிவந்தவர்களை ஏற்கெனவே இருப்பவர்கள் அழைத்து, தேநீரும் பொரித்த பௌர்சாக் ரொட்டியும் வைத்துச் சோறு போடுவதுதான் யெருலிக். மேய்ச்சலுக்கு இடம் மாறிய காலத்திலிருந்து எங்களில் யாரும் தவறவிடாத மரியாதை. மனுஷரை வரவழைத்துவிட்டு வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் முற்றத்தில் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? விதி விதிதானே," என்றார் நிமிராமல்.

"அண்ணே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால என் கதவுல பால் ஜாடிய மாட்டிட்டுப் போனது யாரு?"

"அது நீ ஊருக்குப் புதுசு."

"இவங்களும் புதுசுதான் அண்ணே. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்க விதியைக் காட்டினீங்க, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவர் கையில் இருந்த திருகாணியை வெகுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்தார். விரலில் மசகோடுதான் தட்டச்சு செய்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஆனது. நாய் ஊசிக்குக் கீழே, அவர் வாழ்நாளின் முதல் பின்னூட்டம் வந்தது: "ஞாயிறு ஒரு மணி. கிணற்றுச் சந்து, நீல வாசல். யெருலிக். எல்லோரும் வரவும். விதி நான்கு அன்று பொருந்தாது."

யாரும் பதில் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை முழுக்க நான் பௌர்சாக் பொரித்தேன், அண்ணன் ஒரு ஆட்டை அறுத்தார். இரவு கைசார் தளத்தில் அவசர அறிவிப்பு ஒன்று போட்டான்: "நாளை தண்ணீர் வராது." இந்தத் தடவை ஊர் முழுக்க.

ஞாயிறு ஒரு மணி. சமோவாரில் தேநீர்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, முற்றத்தில் ஆள் இல்லை. ஒன்றேகால். அண்ணன் மேசைத்துணியை நாலாவது தடவையாக இழுத்துவிட்டார். "வரமாட்டாங்க," என்றார், முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது சந்து முனையில் ஒரு கடகடச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜௌரே முன்னால் வந்தாள், இரண்டு கையிலும் காலிக் கேன்கள். அவளுக்குப் பின்னால் கேன், வாளி, பால்பாத்திரம், குழந்தை வண்டியில் ஒரு அண்டா என்று ஒரு ஊர்வலமே வந்தது. நாற்பது பேருக்குக் குறையாது.

"அண்ணே," என்று வாசலிலிருந்தே கத்தினாள் ஜௌரே, "தலைப்ப விட்டு விலகக் கூடாதுன்னீங்களே. தண்ணி விஷயமாத்தான் வந்திருக்கோம்!"

அண்ணன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன், மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. பழுதுபார்த்து மாட்டிய கிணற்று மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாய்ந்தது, கறி பரிமாறினோம், தையல் மெஷின் வைத்திருப்பவள் ஜௌரேவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. கைசார் செல்பேசியை என்னிடம் நீட்டினான். நேற்றுப் போட்ட அறிவிப்பு. பின்னூட்டம்: பூஜ்யம்.

"எல்லாரும் இங்க இருக்காங்க, அங்க யாரு எழுதுவா," என்றான். "பூனைய எழுப்பிட்டீங்க அக்கா."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம் ஒன்றானது. தெரியாத பெயர். "போன வாரம்தான் இந்த ஊருக்கு வந்தோம். ரயில்வே குடியிருப்பு, மூணாம் வீடு. குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணி வேணும். எங்க கிடைக்கும்?"

"இதுக்குப் பதில எங்க போடறது?" என்றான் கைசார். "கீழயே போடவா, மன்றத்துல திரி ஆரம்பிக்கவா?"

ஜௌரே அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"வாசல்ல போடுவோம்," என்றாள்.

பௌர்சாக்கை ஒரு துணியில் அள்ளி முடிந்தாள். அண்ணன் நிரம்பிய கேன்களில் பெரியதாக ஒன்றைத் தூக்கினார். இருவரும் எதைப் பற்றியோ சண்டை போட்டுக்கொண்டே சந்தில் இறங்கினார்கள், கேனிலிருந்து தளும்பிய தண்ணீர் அவர்கள் போன வழியெல்லாம் மண்ணில் சொட்டிக்கொண்டே போயிற்று.