எழுத்தின் அளவு

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பாதியில் நின்றுபோன லிஃப்டைக் கைப்பழக்கத்திலேயே கீழே இறக்கிவிடுவார். வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் துடைக்கக்கூடத் தொடமாட்டார். அது மனைவியின் ராஜ்ஜியம்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைப்பார்களே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தோடு, அதை அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவள் வேலை. ஓர் அச்சகத்துக்குப் பதினெட்டு வருடமாக வீட்டிலிருந்தே பார்த்துக்கொடுத்தாள்.

அந்தக் கண்தான் போக ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவருகிறது, மெதுவாகத்தான் கெடும், ஆனால் போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரும் கிழடு தட்டிப்போயிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் புது வசதி எதுவும் அதில் ஏறமாட்டேன் என்றது.

மனைவியின் தம்பி, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவன், பென்டிரைவோடு வந்தான்.

"மாமா, இது லினக்ஸ், பழைய கம்ப்யூட்டரையும் ஓட்டுற இலவச சாஃப்ட்வேர். யார் வேணா எடுத்துப் போட்டுக்கலாம். உள்ள எதை வேணாலும் மாத்திக்கலாம். அக்காவுக்கு எப்படி வேணுமோ அப்படியே பண்ணிடலாம்."

"பண்ணிடலாம்னா யாரு? நீயா, நானா?"

"எனக்கு வாராவாரம் வர முடியாது மாமா. நீங்கதான் கத்துக்கணும்."

கற்றுக்கொண்டார். முதல் நாள் எதையோ அழுத்தி, திரையின் அடியில் இருந்த பட்டையையே காணாமல் அடித்தார். அதைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. அப்புறம் கை படிந்தது. பின்னணிப் படத்தைத் தூக்கிவிட்டுக் கறுப்பாக்கினார், எழுத்தை மஞ்சளாக்கினார். மவுஸ் அம்பைக் கட்டைவிரல் பருமனுக்குக் கொண்டுவந்தார். அவளுக்கு வேண்டாத படங்களை ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தார். ஒரு மாதம் அவள் பழையபடி வேலை பார்த்தாள். "என் சம்சாரத்துக்கு நானே கம்ப்யூட்டர் செஞ்சு குடுத்தேன்" என்று வேலையிடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றாள் ஒருநாள்.

ஆக்கினார். பத்து நாளில் மறுபடியும் கேட்டாள். பிறகு வாரம் தவறாமல். வரி முழுக்கத் தெரிந்த திரையில் நாலு வார்த்தை தெரிந்தது, பிறகு ஒன்று.

"வார்த்தை தெரியுது. வாக்கியம்தான் கைக்கு சிக்கல. கடைசி வார்த்தைக்கு வர்றதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோகுது."

அந்த மாதம்தான் ஒரு காகிதத்தில் 'நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது' என்ற வரியில் 'கூடாது' விழுந்துபோய் 'உட்கொள்ளக்' என்று பாதியில் நின்றதை அவள் பார்க்காமல் விட்டாள். அச்சேறும் முன் வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். அச்சக மேலாளர் போனில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். அதன் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

மெக்கானிக் விடவில்லை. எழுத்தை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்றை அதில் ஏற்றினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூக்கடைச்ச ஆளு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. ல, ள, ழ மூணும் இவருக்கு ஒண்ணுதான். முதல்ல இவரைத் திருத்தணும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் காதால் கேட்டுப் பிழை பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். குரலை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலையும் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரே ஓர் எழுத்து, மேலிருந்து கீழ்வரை.

"இது தெரியுதா?"

அவள் முகத்தைச் சாய்த்து, ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதுன்னு சொல்லிடட்டுமா?" என்றாள். "உங்களுக்கு இருக்கறதே ஒரு லீவு நாள். அதுவும் இதிலேயே போகுது."

"நீ சும்மா இரு."

"போன வாரமும் தெரியல. சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு சொல்லல."

அவர் அளவை இன்னும் ஒரு படி ஏற்றினார். எழுத்தில் பாதி திரைக்கு வெளியே போய், மஞ்சளாக ஒரு வளைவு மட்டும் நின்றது. அது எந்த எழுத்து என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.