சாவி கைமாறும் வரை

எங்கள் பெண்கள் சிறையில் புதிதாக வேலைக்கு வருகிறவளின் பெயரை யாரும் கேட்பதில்லை. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அதுவரை எல்லாருமே ‘புதுசு’தான். போன புதுசு சாப்பிடப் போகிறேன் என்றவள், யூனிஃபார்மைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அப்படியே கம்பி நீட்டிவிட்டாள். அவளுக்கு முன்னால் வந்தவளின் முகம்கூட எனக்கு நினைவில்லை.

இந்தப் புதுசாவது நிலைக்க வேண்டுமே என்று எனக்கு ஒரே பரபரப்பு. சுயநலம்தான், வேறென்ன. என் மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் நீ இருந்தே ஆகவேண்டும் என்று தினமும் போனில் அழுகிறாள். புதுசு நிலைத்தால் லீவு, இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம் என்று சூப்பிரண்டு அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். யாருக்கும் வளைந்து கொடுக்காத நான் அந்தச் சின்னப்பெண்ணைக் காக்கா பிடித்தேன். ராத்திரி டூட்டியை நானே எடுத்துக்கொண்டேன். சண்டைக்காரிகள் இருக்கும் அறைப் பக்கம் அவளை விடவே இல்லை.

ஒருநாள் மாலை அவளை டூட்டியிலிருந்து மாற்றிவிடப் போனேன். எங்கள் பிளாக்கின் கம்பிக்கதவுக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு, உள்ளிருந்து கை எட்டாது. உள்ளே டூட்டி பார்ப்பவள் சாவிக்கொத்தைக் கம்பி வழியாக நீட்ட வேண்டும். அடுத்து வருகிறவள் அதை வாங்கித் திறந்தால்தான் அவளுக்கு விடுதலை.

சாவியை நீட்டிக்கொண்டே, “அக்கா, நாளைலேர்ந்து நான் வரல. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்” என்றாள்.

வாங்கினால் போய்விடுவாளே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரத்தனம்தான். சீக்கிரம் சம்பளம் கூடும் என்றேன், இன்னும் லேசான வேலையாகப் பார்த்துத் தருகிறேன் என்றேன். கடைசியில் மகள் விஷயத்தையும் கொட்டிவிட்டேன்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. உள்ளிருந்து ஒரு கைதி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டாள். அந்தப் பெயரை அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

“இதெல்லாம் வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா” என்றாள். “இங்க எங்கிட்ட பேசறது உள்ள இருக்கறவங்க மட்டுந்தான். அதான் போறேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது? சாவியை வாங்கித் திறந்தேன். அவள் வெளியே வந்தாள், நான் உள்ளே போனேன். அவள் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள். பெயரைச் சொல்லி, போய் வா என்றேன். ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள், நிற்கவில்லை.

உள்ளே போன் கொண்டுவரக் கூடாது. என்னுடையது வாசல் லாக்கரில் கிடந்தது. மகள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காலையில் வந்து என்னிடம் சாவி வாங்க வேண்டியவளே இப்போது போகிற இந்தப் பெண்தான் என்பது, அவளுடைய பூட்ஸ் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.